கயிறு இரண்டு சுற்று

காலை எட்டு மணிக்கு முதல் மணி அடிக்கும். எட்டேகாலுக்கு இரண்டாவது மணி. அந்தக் கால் மணி நேரத்துக்குள் நூற்று இருபது பெண்கள் கைப்பையைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, தலைக்குத் துணித்தொப்பி மாட்டி, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அவரவர் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். சட்டை தைக்கும் கம்பெனி அது. ஒருத்தி காலர் வைப்பாள், ஒருத்தி கை வைப்பாள், ஒருத்தி காஜா எடுப்பாள். ஒரு சட்டையை முழுசாகத் தைக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கூடத்தில் நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள்.

ஏப்ரன் எல்லோருக்கும் ஒரே அளவு. அதன் கயிறுகளை இடுப்பைச் சுற்றி இரண்டு முறை கொண்டுவந்து, தொப்புளுக்கு நேராக முடிச்சுப் போட வேண்டும். ஒரே சுற்றாகக் கட்டினால் மிச்சக் கயிறு தொங்கி இயந்திரச் சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும் என்று விதி எழுதியவர்கள் காரணம் சொன்னார்கள். காரணம் நல்ல காரணம்தான். ஆனால் அந்தக் கயிறு வேறொரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தது. எவளுக்குக் கயிறு இரண்டு சுற்று வரவில்லையோ அவள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்று, "ஓய்வெடுத்துக்கோம்மா, உடம்புதான் முக்கியம்" என்பார். அப்படி ஓய்வுக்குப் போனவள் திரும்பி வந்ததாகக் கம்பெனியின் சரித்திரத்திலேயே இல்லை. தடித்த உடம்புக்காரிகள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். அவர்களை வேலைக்கு எடுப்பதே கிடையாது. சேருகிற நாளில் முதல் பரீட்சையே ஏப்ரனைக் கட்டிக் காட்டுவதுதான்.

அந்தக் கயிற்றை ஜெயித்தவள் ஒருத்தி இருந்தாள். கை வைக்கும் வரிசையில் மூத்தவள். பிறந்தபோது வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் ரெண்டுசுத்து அக்கா. எட்டு மாதம் முடியும்வரை கயிற்றை இரண்டு சுற்று கட்டி, சூப்பர்வைசர் கண்ணில் மண்ணைத் தூவி, மஞ்சள் காமாலை என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ப் பிள்ளை பெற்றுக்கொண்டு, நாற்பதாம் நாள் வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி இயந்திரத்தில் உட்கார்ந்தவள். இருபத்தைந்து வருஷமாகியும் அந்தக் கதை பழசாகவில்லை. வயிற்றில் பிள்ளை தங்கியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அவளிடம்தான் வருவார்கள்.

அன்று வந்தவள் காலர்காரி. மாலைக்கண் வந்தவள் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு காலர் தைக்கிற, வாயாடியான இருபத்திரண்டு வயதுப் பெண். ஐந்தாவது மாதம். பெட்டி அறையின் கதவை முதுகால் சாத்திக்கொண்டு அக்கா பாடம் எடுத்தாள்.

"காலையில வெறும் டீ. மத்தியானம் டப்பாவைத் திற, எல்லாரும் பாக்கற மாதிரி ரெண்டு வாய் சாப்பிடு, மிச்சத்தைப் பக்கத்துல தள்ளிடு. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் வெறி வந்த மாதிரி பசிக்கும். அங்கதான் நீ பல்லைக் கடிச்சுக்கணும்."

"மயக்கம் வந்தா என்னக்கா பண்றது?"

"வரும். வந்தா ஊசியில நூல் கோக்கற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கோ. நான் என்ன செத்தா போயிட்டேன்? கல்லு மாதிரி இருக்கேன் பாரு. புள்ளை சின்னதா இருந்தா பிரசவமும் லேசு. என் பொண்ணு வழுக்கிட்டு வந்தா. ஒண்ணே முக்கால் கிலோ! ஒரு கையில அவளை வச்சுக்கிட்டு இன்னொரு கையால தைக்கலாம்."

காலர்காரி சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். இரண்டாவது மணி அடித்தது.

அக்காவைக் கல்நெஞ்சுக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் பட்டினி கிடந்த வருஷம் அப்படிப்பட்ட வருஷம். கட்டட வேலைக்குப் போன கணவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவள் ஒருத்தியின் வேலையில்தான் வீடு ஓடியது. அந்த வேலை ஒரு முழக் கயிற்றில் தொங்கியது. கயிறா வயிறா என்று வந்தபோது அவள் வயிற்றைச் சுருக்கினாள். உலகத்தில் எந்த ஏழைப் பெண்ணும் செய்கிற கணக்குதான் அது. அதில் அவளுக்குத் தப்பாகத் தெரியவில்லை, பெருமையாகத்தான் தெரிந்தது. கணவர் பிறகு எழுந்து நடந்தார், கொஞ்ச வருஷம் இருந்தார், போய்ச் சேர்ந்தார். மகள் மட்டும் மிஞ்சினாள்.

மகளுக்கு வீட்டில் பாப்பா என்று பெயர். இருபத்தைந்து வயதாகிக் கல்யாணமும் ஆனபிறகும் பாப்பாதான். ஒல்லியாக, குள்ளமாக, குருவி கொறிக்கிற மாதிரி எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பாள். பதினெட்டு வயதிலிருந்து அடிக்கடி தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். கண்ணில்தான் கோளாறு என்று அக்கா மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். தலைவலி கண்ணாடியையும் போட்டுக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை பிளம்பர். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போனால் நாலு வீட்டுக் குழாயைச் சரி பண்ணிவிட்டு, தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதை மட்டும் ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற நல்ல மனிதர்.

பாப்பா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே அக்கா அவளைத் துணிக்கடை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள். "நான் பட்ட பாடு என்னோட போகட்டும். நீ காலை நீட்டி உக்காந்து சாப்பிடு" என்றாள். தினமும் பால், இரண்டு முட்டை, மீன், கீரை, பருப்பு, பழம். கம்பெனிக்குக் கிளம்புமுன் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, திரும்பி வந்ததும் பாத்திரங்களைத் திறந்து பார்ப்பாள். காலியாக இருந்தால்தான் செருப்பையே கழற்றுவாள். மகளுக்கு ஊட்டியதையும், அதே வாயால் காலர்காரிக்குப் பட்டினி சொல்லிக் கொடுத்ததையும் அவள் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவே இல்லை. இது வீடு, அது கம்பெனி.

முதல் பரிசோதனையிலேயே டாக்டரம்மா பாப்பாவின் இரண்டு கையிலும் மாற்றி மாற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். மூன்று முறை பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். "இந்த வயசுல இவ்வளவு இருக்கக் கூடாது" என்றார். மாதா மாதம் மாத்திரையின் எண்ணிக்கை ஏறியது. பாப்பாவின் எடையும் ஏறியது. வயிறு மட்டும் ஏறவில்லை. ஆறாவது மாதம் முடிகிற நேரத்தில் எடுத்த ஸ்கேனில் பிள்ளை நாலு வாரம் பின்தங்கி இருந்தது.

அன்றைக்கு அக்கா லீவு போட்டுவிட்டுக் கூடப் போயிருந்தாள். டாக்டரம்மாவின் அறை சின்ன அறை. மேஜையின் இந்தப் பக்கம் மூன்று நாற்காலி. சுவரில் பிரசவ அட்டவணை, அதற்குக் கீழே கை கழுவும் தொட்டி. தொட்டிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததை மாப்பிள்ளை உட்காருவதற்கு முன்பே கவனித்து, எழுந்துபோய் இறுக்கிவிட்டு வந்தார்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி அக்காவிடம் கேட்டார்: "இவங்க பொறக்கும்போது எவ்வளவு எடை இருந்தாங்கம்மா?"

ஆயிரம் தடவை சொன்ன எடை. ஆனால் டாக்டரம்மா அதைக் கேட்ட தோரணை அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இருந்தாம்மா, ஏதோ... சரியா ஞாபகம் இல்ல."

"அம்மா! உனக்கா ஞாபகம் இல்ல?" பாப்பா சிரித்துவிட்டாள். "ஒண்ணே முக்கால் கிலோ டாக்டர். எங்கம்மா கதை உங்களுக்குத் தெரியாதே! கம்பெனில அம்மாவுக்குப் பேரே ரெண்டுசுத்து அக்கா. வயித்துல நான் இருக்கறது எட்டு மாசம் வரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. காலையில ஒரு டீ, மத்தியானம் ரெண்டு வாய், அவ்வளவுதான். அப்படியே வயித்தை உள்ள வச்சுக்கிட்டு, கயித்தை ரெண்டு சுத்து கட்டி..." நாற்காலியில் உட்கார்ந்தபடியே இல்லாத கயிற்றைக் கட்டிக் காட்டினாள். வீரக் கதை சொல்லும்போது கண்ணில் வருகிற வெளிச்சம் அவள் கண்ணில் இருந்தது. அம்மாவைப் பெருமையாகப் பார்த்தாள்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். "மாசம் முழுசா முடிஞ்சுதானே பொறந்தாங்க?"

"ஒன்பது மாசமும் முடிஞ்சுதான்" என்று அக்கா தரையைப் பார்த்துச் சொன்னாள்.

டாக்டரம்மா பாப்பாவை வெளியே நர்ஸிடம் அனுப்பினார். இன்னொரு முறை பிரஷர் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். கதவு சாத்தியதும் ஸ்கேன் படத்தை இரண்டு பேர் பக்கமும் திருப்பினார்.

"கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் இது. இந்த மாசத்துல இது நல்லா அகலமா விரிஞ்சு கொடுத்திருக்கணும். விரியல. விறைப்பாவே இருக்கு. அதனால குழந்தைக்கு வேண்டிய ரத்தம் போய்ச் சேரல."

"சாப்பாட்டுல குறையே வைக்கலம்மா நான்" என்றாள் அக்கா.

"தெரியுது. இவங்க சாப்பாட்டுல குறை இல்ல. சொல்றதைக் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. ஒரு குழந்தை வயித்துல இருக்கும்போதுதான் அதோட ரத்தக் குழாயெல்லாம் உருவாகுது. எத்தனை கிளை, எவ்வளவு அகலம், சுவர் எவ்வளவு மெத்துனு இருக்கணும்கறதுல பெரும்பகுதி அங்கயே தீர்மானமாயிடுது. அம்மாவுக்குச் சாப்பாடு போதலன்னா அந்தக் குழந்தை, கிடைச்சதை வச்சு மூளையையும் இதயத்தையும் காப்பாத்திக்கும். மத்த இடத்துல சிக்கனம் பண்ணிடும். சிறுநீரகம், கை கால், கர்ப்பப்பை, அங்கெல்லாம் குழாய் குறைச்சலாவோ விறைப்பாவோ அமைஞ்சுடலாம். சின்ன வயசுல ஒண்ணும் தெரியாது. வளர்ந்தப்புறம் பிரஷரா வரும். பொண்ணா இருந்தா, அவ புள்ளை பெறப்போறப்ப இப்படியும் வரும்."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். தன் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் காதில் விழுந்த சுறுசுறுப்பில் அத்தையின் பக்கம் திரும்பி விளக்கினார்: "புரியுதா அத்தை? வீடு கட்டும்போதே சுவருக்குள்ள ஒரு இன்ச் பைப் போட வேண்டிய இடத்துல அரை இன்ச் பைப்பைப் புதைச்சுட்டாங்கன்னு வைங்க. அப்புறம் மாடியில எத்தனை டேங்க் வச்சாலும் கீழ தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வரும். சுவரை உடைச்சாத்தான் உண்டு. எந்த முட்டாள் போட்ட பைப்போன்னு நாங்க திட்டிக்கிட்டே..."

அங்கேதான் அவருக்கு உறைத்தது. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, துடைக்க ஒன்றுமில்லாத கையைத் துடைத்துக்கொண்டார்.

"உடம்புல சுவரை உடைக்கவும் முடியாது" என்றார் டாக்டரம்மா. குரலைத் தணித்து அக்காவிடம் சொன்னார்: "இது ஒண்ணுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்மா. வேற காரணமும் சேர்ந்திருக்கலாம். எடை கம்மியாப் பொறந்த எல்லாருக்கும் இப்படி ஆகறதும் இல்ல. ஆனா இப்படி ஒரு கேஸ் வந்தா நான் முதல்ல கேக்கற கேள்வி இதுதான். கேட்டா பாதிப் பேர் உங்க மாதிரிதான் தரையைப் பாக்கறாங்க."

பிள்ளை அப்போது அறுநூறு கிராம் இருந்தது. இன்னும் இருநூறு முன்னூறு கிராம் ஏறினால் வெளியே எடுத்துக் காப்பாற்றிப் பார்க்கலாம், இரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன், அதுவரை மாத்திரை, படுக்கை. பாப்பாவிடம் இப்போது எதையும் சொல்ல வேண்டாம், கேட்டால் பிரஷர் இன்னும் ஏறும். இவ்வளவும் சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். பாப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நர்ஸுக்கும் அதே வீரக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மாப்பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். "பாத்து இறங்குங்க", "பையைக் குடுங்க" என்றார். அத்தை என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. அன்று மட்டுமில்லை, பிறகும் வரவில்லை. திட்டியிருந்தால்கூட அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை முதல் மணிக்கு முன்பே அக்கா பெட்டி அறையில் காத்திருந்தாள். காலர்காரி வந்ததும் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். டப்பாவைத் திறந்து நீட்டினாள். உள்ளே ரொட்டியும் இரண்டு முட்டையும் இருந்தன.

"சாப்பிடு."

"என்னக்கா இது? நேத்துதான் கயிறு சரியா வந்துச்சு..."

"கயிறு நாசமாப் போகட்டும். சாப்பிடுடி. நான் சொல்லிக்குடுத்ததெல்லாம் தப்பு. வயித்துல இருக்கற புள்ளைக்கு ரத்தக் குழாய் சரியா வளராதாம். இப்ப ஒண்ணும் தெரியாதாம். அது பெரிசாகி, கல்யாணமாகி, அப்ப தெரியுமாம். என் பொண்ணைப் பாரு, ஆஸ்பத்திரியில..." டப்பாவை இன்னும் பக்கத்தில் நீட்டினாள்.

காலர்காரி முட்டையைப் பார்த்தாள். பசி அவள் தொண்டையில் ஏறி இறங்கியது வெளியே தெரிந்தது. ஆனாலும் டப்பாவை மூடி அக்காவின் கையிலேயே வைத்தாள்.

"அக்கா, இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு வரப்போற நோயை நான் இப்ப எப்படிக்கா பாக்கறது? அடுத்த மாசம் வாடகைக்கு நான்தான். நீங்க அன்னிக்கு என்ன பண்ணீங்க? சாப்பிட்டீங்களா?"

அக்கா டப்பாவின் மூடியை அழுத்தி இறுக்கினாள்.

"அப்புறம் என்ன? நீங்க வேலையைக் காப்பாத்திக்கிட்டீங்க. என்னை மட்டும் விட்டுடச் சொல்றீங்க." கோபமாகச் சொல்லவில்லை, குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னாள். ஏப்ரனை எடுத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, இரண்டு சுற்று சுற்றி முடிந்துகொண்டு போய்விட்டாள்.

அக்கா விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், இருபத்தெட்டு வருஷத்தில் இரண்டே முறை மிதித்திருந்த ஆபீஸ் அறைக்குள் போனாள். ஆள் சேர்க்கிற அதிகாரி நல்ல மாதிரியான மனிதர், வயதில் சின்னவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கயிற்றை இன்னும் ஒரு முழம் நீளமாக வைக்க வேண்டும், பிள்ளைத்தாய்ச்சிகளை வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று அக்கா தட்டுத் தடுமாறிச் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"யாரையும் நாங்க வேலையை விட்டு அனுப்பலையேம்மா. ஓய்வுதானே குடுக்கறோம்?"

"ஓய்வுல போனவங்க யாரும் திரும்பி வரலையே சார்."

"அது அவங்க குடும்பச் சூழ்நிலை." சிரித்தார். "சரி, நீங்களே சொல்லுங்க. யாரையாவது சாப்பிடாதேன்னு நாங்க சொன்னமா?"

சொல்லவில்லைதான். எந்தக் காகிதத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. அதைச் சொன்னது முழுக்க முழுக்க அவள் வாய்தான். அக்கா தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. மகளின் கட்டிலோரமே கதியாகக் கிடந்தாள். இரண்டு மணிக்கொருதரம் எதையாவது கரைத்தாள், பிசைந்தாள், மசித்தாள். பாப்பா முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டாள். "போதும்மா, நான் வெடிச்சுடுவேன்" என்று கேலி செய்துகொண்டே சாப்பிட்டாள். அவள் ஒவ்வொரு வாயையும் விழுங்கும்போது, மாப்பிள்ளை சொன்ன டேங்க்கும் பைப்பும் அக்காவின் நெஞ்சை அடைத்தன. இந்தச் சோறெல்லாம் எங்கே போகிறது? இவள் வயிறுவரை போகிறது. அதற்கப்பால் போகிற வழியை அடைத்தவள் தானே கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்த நாட்களில் அக்காவுக்கு ஒரு கவளம்கூட இறங்கவில்லை. இந்த முறை அவளை யாரும் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை, அவளும் வேண்டுமென்று கிடக்கவில்லை.

ஸ்கேன் எடுத்த ஒன்பதாவது நாள் காலையில் பாப்பா வயிற்றில் கையை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து அசையலம்மா" என்றாள். மாப்பிள்ளை ஆட்டோவைக் கூட்டிவர ஓடினார்.

டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வைத்துத் தேடினார். ஒரு பக்கம் தேடினார், மறுபக்கம் தேடினார். அழுத்தித் தேடினார். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிள்ளையின் இதயம் நின்றுபோயிருந்தது. பாப்பாவின் பிரஷர் தலைக்குமேல் ஏறிக்கொண்டிருந்ததால் அன்றைக்கே ஊசி போட்டு வலி வரவழைத்தார்கள். மறுநாள் மதியம் பெண் பிள்ளை பிறந்தது. எல்லாம் சரியாக இருந்தது. விரல் இருந்தது, நகம் இருந்தது, மூக்கு மாப்பிள்ளையின் மூக்கு. உயிர் மட்டும் இல்லை. துணியில் சுற்றிக் கொடுத்ததை மாப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு கையே போதுமானதாக இருந்தது.

வார்டில் எட்டுக் கட்டில்கள். மற்ற கட்டில்களில் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. பாப்பாவுக்குச் சுவரோரமாக இடம் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களோடு கீழே போயிருந்தார். பாப்பா அழவில்லை. மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"ஏம்மா, நான் எதைச் சாப்பிடாம விட்டேன்?"

அக்கா அவள் பக்கம் குனிந்தாள்.

"போன மாசம் ரெண்டு நாள் கீரை வேண்டாம்னேனே... அன்னிக்குப் பாலைக்கூடக் கொட்டிட்டேன், உன்கிட்ட சொல்லல. அதனாலயாம்மா? என் புள்ளைக்கு நான் எதைக் குடுக்காம விட்டேன்?"

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். டாக்டரம்மாவும் சொல்ல வேண்டாம் என்றுதான் சொன்னார். மாப்பிள்ளை சொல்ல மாட்டார். இந்தப் பெண் இப்படியே ஆயுசு முழுக்கக் கீரையையும் பாலையும் நினைத்துத் தன்னையே தின்றுகொண்டு கிடப்பாள்; அம்மா மட்டும் வீராங்கனையாகவே இருப்பாள். அந்த யோசனை அக்காவின் மனதில் வராமல் இல்லை. வந்தது. ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டும் போனது.

"நீ எதையும் விடலடி பாப்பா. விட்டது நான்."

பாப்பா தலையைத் திருப்பினாள்.

"உன்னை வயித்துல வச்சுக்கிட்டு நான் சாப்பிடல. வயித்தைப் பட்டினி போடறேன்னு நெனச்சேனே தவிர, உன்னைப் பட்டினி போடறேன்னு எனக்குத் தோணவே இல்லடி. உன் உடம்புல ரத்தம் ஓடற வழியெல்லாம் அப்பதான் அமையுமாம். நான் குடுக்காததால அது சரியா அமையாமப் போயிருக்கு. உன் தலைவலி அதனால. உன் பிரஷர் அதனால. உன் புள்ளைக்கு ரத்தம் போகாததும் அதனால இருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. உன் புள்ளைக்குச் சேர வேண்டிய சாப்பாட்டை நான் இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே சாப்பிடாம விட்டுட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரி பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அக்கா குரலைத் தாழ்த்தவில்லை. இனிமேல் யார் கேட்டால் என்ன?

"புள்ளைத்தாச்சி சாப்பிடற சோறு அவளோட சோறு இல்லடி. அது வயித்துல இருக்கறதோட ஆயுசு, அதுக்கு அப்புறம் பொறக்கப்போறதோட ஆயுசு. அதுல கை வைக்கக் கம்பெனிக்கும் உரிமை இல்ல, பெத்தவளுக்கே உரிமை இல்ல. கயித்தை நீளமாக்குங்கன்னு நாங்க நூறு பேரும் சேர்ந்து போய் அன்னிக்கே கேட்டிருக்கணும். கேக்கத் துப்பில்லாம, கயித்துக்கு ஏத்த மாதிரி உங்களைச் சின்னதாக்கினோம். அதைச் சாமர்த்தியம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் பாரு, அதுதான்டி என்னால தாங்க முடியல."

அழட்டும், அடிக்கட்டும், முகத்தில் துப்பட்டும் என்று அக்கா காத்திருந்தாள். பாப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"எத்தனை பேருக்கும்மா சொல்லிக்குடுத்தே?"

இந்தக் கேள்வியை அக்கா எதிர்பார்க்கவில்லை. பதில் சொல்ல வேண்டுமே என்று விரலை மடக்கத் தொடங்கினாள். முதலில் காஜா எடுத்தவள். அவள் தங்கை. பட்டன் வைக்கிறவள். இஸ்திரி போடுகிறவள், அவளுக்கு இரண்டு பிள்ளைக்கும். செக்கிங்கில் வேலை பார்த்து, பிறகு இறந்துபோனவள். பெயர் மறந்துபோன ஒரு செவத்த பெண். இரண்டு கை விரலும் முடிந்து, மறுபடி கட்டைவிரலுக்கு வந்து, அதற்குப் பிறகும் முகங்கள் வந்துகொண்டே இருந்தன.

பாப்பா கையை நீட்டி அம்மாவின் விரல்களைப் பிடித்து நிறுத்தினாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

"எண்ணாதேம்மா. அவங்க பொண்ணுங்களும் இப்ப என் வயசை எட்டிக்கிட்டு இருப்பாங்க. ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லு, பிரஷரைப் பாத்துக்கச் சொல்லு. இப்ப வயித்துல வச்சுக்கிட்டு இருக்கறவகிட்டயும் சொல்லு, கேக்காட்டியும் சொல்லு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா இனிமே சிரிச்சுக்கிட்டுச் சொல்லாதே. உன் பாப்பாவுக்கு ஒரு பொண்ணு இருந்தான்னு சொல்லு."